அரை மணி நேர நடை: கொழும்பில் வீதியோரம் உறங்குவோரிடம் ஆரம்ப சுகாதாரச் சேவையைக் கொண்டுசெல்வது எப்படி

கொழும்புக் கோட்டை புகையிரத நிலையத்திலிருந்து தேசிய வைத்தியசாலைக்கு மெதுவாக நடந்தாலும் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். அங்கே வைத்தியரைப் பார்க்கப் பணம் கேட்கமாட்டார்கள். பல தசாப்தங்களாக இந்நாட்டு அரச வைத்தியசாலைகளில் அதுவே நடைமுறை. இருந்தும், புறக்கோட்டைக் கடை வாசல்களில் அட்டை விரித்து உறங்குகிறவர்களோடு ஓர் இரவு அமர்ந்து பேசினால், மாதக்கணக்கில் ஆறாத கால் புண்ணையும், சீனி வருத்தம் (நீரிழிவு) என்று எப்போதோ சொல்லப்பட்டு மருந்தே எடுக்காமல் கழிந்த ஆண்டுகளையும், யாரும் பரிசோதிக்காத இருமலையும் அந்த ஒரே இரவில் காணலாம்.

ஏன் போவதில்லை என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். இரவில் அவர்களிடம் போய்வரும் எங்கள் குழு கேட்டபோது கிடைத்த பதில்களில் சோம்பலும் இருக்கவில்லை, அறியாமையும் இருக்கவில்லை. காலையில் வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். மூட்டையை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியவில்லை. குளிக்காமல் போனால் பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வைத்தியர் சிங்களத்தில் கேட்பது விளங்குவதில்லை, விளங்கவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. போன முறை வைத்தியசாலையில் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டு மழையில் நனைந்து கிழிந்துவிட்டது. இவற்றோடு பொலிஸ் பற்றிய பயமும் உண்டு. பிரித்தானியர் காலத்தில், 1841இல் இயற்றப்பட்ட அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தின் பெயரால் பிடித்து, அம்பலாந்தோட்டைப் பக்கம் ரிதியகமவில் உள்ள தடுப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு நடைபாதையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

ஆகவே, வீதியில் இன்னொரு வைத்தியசாலையைத் திறப்பது நமது வேலை அல்ல. ஏற்கெனவே இருக்கும் வைத்தியசாலைக்கும் இந்த மனிதருக்கும் இடையிலுள்ள அரை மணி நேர நடையை அவரால் நடக்கக்கூடியதாக்குவதே வேலை. இதைத் தொடங்க விரும்பும் புதியவர்களுக்காக, நாங்கள் பிழைவிட்டுக் கற்றவற்றையும் சேர்த்து, செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

பையைத் தூக்குவதற்கு முன்

இப்பணிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மருந்து வாங்குகிறார்கள். அதைக் கடைசியாகச் செய்யுங்கள். முதலில், உங்கள் பகுதிக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், யார் யார், எந்த வீதிகளில், எந்த நாளில், என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கொழும்பு மாநகர எல்லைக்குள் இவை மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பிரிவின் கீழ் இயங்குகின்றன. அங்குள்ள பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் தங்கள் பிரிவில் யார் எங்கே உறங்குகிறார்கள் என்பது நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தெரிந்திருக்கும். மாநகர சபையின் இலவச மருந்தகங்கள் எவை, அவை எந்த நாட்களில் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தபடியாக அப்பகுதிப் பொலிஸ் நிலையத்தில் சொல்லிவையுங்கள். இரவில் பையோடு நடைபாதையில் குந்தியிருக்கும் நால்வரைக் கண்டால் ரோந்து வருபவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். அந்த விசாரணை உங்களைவிட உங்கள் முன்னால் காலை நீட்டிக்கொண்டிருப்பவரையே அதிகம் கலங்கவைக்கும்.

குழுவுக்கு நால்வர் போதும், ஆறு பேருக்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும். அந்த நால்வரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஒருவராவது சிங்களமும் தமிழும் சரளமாகப் பேச வேண்டும், ஒருவர் தாதியாகவோ வைத்தியராகவோ இருக்க வேண்டும். இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற வைத்தியர் குழுவில் இல்லாத இரவில் வைத்தியர் எழுதித் தர வேண்டிய மருந்து எதையும் கொடுக்கக் கூடாது. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை இரண்டை நல்லெண்ணத்தோடு கையில் வைத்துவிட்டு வருவது உதவியல்ல, தீங்கு. ஏனையோர் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி பெற்றுக்கொள்ளலாம். எல்லோரும் ஏற்புவலித் தடுப்பூசியும், கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இடத்தை அறிதல்

முதல் நான்கு வாரங்கள் வெறுங்கையோடு நடங்கள். இது நேர விரயமாகத் தோன்றும். ஆனால் எந்தத் தூணடியில் யார் உறங்குகிறார், எந்தத் தேநீர்க்கடைக்காரர் அவரது பையைப் பார்த்துக்கொள்கிறார், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பவற்றை அறியாமல் செய்யும் சிகிச்சை மறுவாரம் தொடராது.

கொழும்பில் வீதியோரம் உறங்குகிறவர்கள் ஒரே வகையினர் அல்லர். மூட்டை தூக்கும் நாட்டாமிமார் சிலர் அறை வாடகையை மிச்சம்பிடிக்க வேலை செய்யும் கடையின் வாசலிலேயே படுத்துக்கொள்கிறார்கள். மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்து, வேலை போனபின் ஊர் திரும்ப வெட்கப்பட்டு நின்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கைவிட்ட முதியோர், மனநோயோடு பேருந்து நிலையங்களில் அலைகிறவர்கள், இரவில் வெளிச்சமும் காவலாளியும் இருக்கும் இடம் தேடிப் படுக்கும் பெண்கள், குழந்தைகளோடு குடும்பமாக இருப்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடமும் நேரமும் வேறு. இடங்களும் மாறிக்கொண்டே இருக்கும். புறக்கோட்டையிலிருந்த மெனிங் மரக்கறிச் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் பெயர்ந்தபோது, அதை அண்டி வாழ்ந்த கூலியாட்கள் பலரின் இரவும் அதோடு பெயர்ந்தது. பழைய வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள்.

வாரத்தை நாட்காட்டியால் அல்ல, எங்கே எப்போது தானம் கிடைக்கும் என்பதால் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் வாசலில் கூட்டம் சேரும். வெள்ளிக்கிழமை மதியம் சம்மாங்கோட்டுப் பள்ளி முதலான பள்ளிவாசல்களின் முன்னும், மாலையில் இந்துக் கோவில்களின் முன்னும் இருப்பார்கள். இலவச உணவு வழங்கும் வெசாக், பொசன் தன்சல் காலங்களிலும், ஆடிவேல் வீதியுலாவின்போதும் வழக்கமான இடங்களில் ஒருவரையும் காணமாட்டீர்கள். தீபாவளிக்கு முன்பின் மலையகத்தவர் சிலர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வாரத்தில் ஒருவர் காணாமல் போனால் பதற வேண்டியதில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை, கடைகள் அடைத்தபின் இரவு எட்டரை முதல் பத்தரைவரை பொருத்தமானது. அதற்குப் பிறகு போனால் தூங்குகிறவரை எழுப்ப நேரிடும், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். வீதியில் உறங்குகிறவருக்குத் தட்டி எழுப்பும் கை என்றால் அடி அல்லது கைது என்றே பழக்கம். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையிலும், ஒக்டோபர், நவம்பர் மாத மாலை மழையிலும் ஆட்கள் இடம் மாறுவார்கள். மழை இரவுகளில் அவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுவைத்தால், மிகவும் தேவைப்படும் இரவில் நீங்கள் திரும்பிப் போக வேண்டியிருக்காது.

முதல் பேச்சு

நின்றுகொண்டு பேசாதீர்கள். இரண்டு முழத் தூரத்தில் குந்திக்கொண்டு, வயதுக்கேற்ப ஐயா, அம்மா, அண்ணே, தம்பி என்று அழைத்து, உங்கள் பெயரையும் ஊரையும் முதலில் சொல்லுங்கள். எவ்வளவு இளையவராக இருந்தாலும் ‘நீங்கள்’ என்றே பேசுங்கள். என்ன வருத்தம் என்று எடுத்த எடுப்பில் கேட்பதைவிட, சாப்பிட்டாயிற்றா, நேற்று மழையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்பது நல்லது. எங்கள் குழுவோடு இன்று நெருங்கிப் பழகும் முதியவர் ஒருவர் முதல் ஐந்து வாரங்களும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “போங்க, தம்பி.” நாங்கள் போனோம், மறுவாரம் அதே நாளில் மறுபடியும் வணக்கம் சொன்னோம். ஆறாவது வாரம் அவரே காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக் காட்டினார்.

நிழற்படம் எடுக்க வேண்டாம். ஆதரவாளர்களுக்குக் காட்ட வேண்டும் என்றாலும் வேண்டாம். புண்ணைப் பதிவுசெய்ய வைத்தியர் கேட்டால், முகம் படாமல், அவரிடம் காரணத்தைச் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும் எடுங்கள். சம்மதம் என்பது ஒருமுறை கேட்டு முடிக்கும் காரியமும் அல்ல. காலைத் தொடுமுன், இரத்தம் குத்துமுன், பெயரை எழுதுமுன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். மறுத்தால் முகம் வாடாமல் ஒரு போத்தல் தண்ணீரைக் கொடுத்துவிட்டு நகருங்கள்.

பை

பை சிறிதாக இருக்கட்டும். கையுறை, முகக்கவசம், சவர்க்காரம், பெரிய போத்தல்களில் சுத்தமான தண்ணீர், சேலைன், துணிக்கட்டுகள், ஒட்டும் பிளாஸ்டர், வெப்பமானி, பிரஷர் கருவி, குளுக்கோமீட்டர், ஊசிகளைப் போடும் கடினமான மூடியுள்ள பெட்டி, பனடோல், ஜீவனி உப்புக் கரைசல் பொடி, சீனி, நகவெட்டி, காலுறை, ரப்பர் செருப்பு, பெண்களுக்கான அணையாடை, கைவிளக்கு, பிளாஸ்டிக் உறைகள் ஆகியவை போதும். பிளாஸ்டிக் உறைகள் எதற்கு என்பது பின்னால் வரும். எங்கள் பையில் மிக மலிவான பொருளும் மிக அதிகம் பயன்பட்ட பொருளும் அதுவே.

காலும் புண்ணும்

வீதியில் வாழ்பவரின் உடலில் முதலில் கெடுவது கால். நாள் முழுதும் நடை, ஈரம் காயாத செருப்பு, இரவில் காலை நீட்ட இடமின்றிக் குந்தியபடியே உறங்குவதால் வரும் வீக்கம், இவை மூன்றும் சேர்ந்தால் சிறு கீறல்கூடப் புண்ணாகிவிடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1985இல் இத்தகைய சேவை தொடங்கியபோது, புதிதாக வந்த வைத்தியர் ஜிம் ஓகொனலிடம் அங்கிருந்த தாதியர், ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு முதலில் இவர்களது கால்களைக் கழுவுங்கள் என்று சொன்னார்கள். அது பணிவுக்காகச் சொன்னது மட்டுமல்ல. கால் கழுவும் பத்து நிமிடத்தில் வீக்கம், புண், மரத்துப்போன இடம், பூஞ்சைத் தொற்று ஆகிய அனைத்தும் கண்ணில் படும். அதோடு, தலைக்கு மேல் நிற்காமல் காலடியில் அமர்ந்திருப்பவரிடம் மனிதர் பேசத் தொடங்குவார்.

செய்முறை எளியது. கையுறை அணிந்து, புண்ணைச் சேலைனாலோ கொதித்தாறிய தண்ணீராலோ தாராளமாகக் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலைச் சவர்க்காரமிட்டுத் துடைத்து, ஒற்றி உலரவிட்டு, புண்ணில் ஒட்டாத துணியை வைத்துக் கட்டுங்கள். விரலிடுக்குகளை உலர்த்த மறவாதீர்கள். கட்டு எத்தனை நாள் தாங்கும், நனைந்தால் யாரிடம் போய் மாற்றுவது என்பதைச் சொல்லாமல் எழும்பக் கூடாது. மாநகர சபை மருந்தகத்தில் மருந்து கட்டும் நேரத்தை அங்கேயே ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். புண்ணில் புழு இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றவும் விடாதீர்கள். தளர்வாக மூடிக் கட்டி, மறுநாள் காலையே வைத்தியசாலைக்கு உடன் போங்கள்.

சில புண்கள் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாதவை. சிவப்பு காலில் மேல்நோக்கிப் பரவுதல், காய்ச்சலும் நடுக்கமும், விரல் கறுத்துப்போதல், அழுகல் நாற்றம், எலும்பு தெரிதல், மனிதர் குழம்பிப் பேசுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த இரவிலேயே 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சுவ செரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது. வலிக்காத புண்ணைக் கண்டால் இன்னும் அதிகம் கவனியுங்கள். ஆணி குத்தியும் வலி தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், நீண்டகாலச் சீனி வருத்தம் நரம்பைக் கெடுத்திருக்கலாம், அல்லது தொழுநோயாக இருக்கலாம். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய திட்டு தென்பட்டால் தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். தொழுநோய்க்குரிய கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, முறையாக எடுத்தால் முற்றாகக் குணமாகும். இதை நோயாளிக்கு மட்டுமல்லாமல், அவர் பக்கத்தில் படுக்கிறவர்களுக்கும் நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் இரவில் இடத்தை இழந்துவிடுவார்.

சீனியும் பிரஷரும்

குளுக்கோமீட்டரை எடுத்தவுடன் எல்லோரும் விரலை நீட்டுவார்கள், அன்றிரவு நாற்பது பேருக்குப் பார்த்த திருப்தியும் கிடைக்கும். எங்களுக்கும் அந்தத் திருப்தி கிடைத்தது. மறுவாரம் அந்த நாற்பது பேரில் எவருக்கு இரத்தச் சீனி மிகுதியாக இருந்தது என்று தேடியபோது, பெயர்களைச் சரியாக எழுதாததால் இருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதன்பின் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பின்தொடர முடிந்த எண்ணிக்கைக்கு மேல் ஓர் இரவில் பரிசோதிப்பதில்லை. ஒருமுறை எடுத்த அளவை வைத்து நோய் என்று முடிவுகட்டவும் கூடாது. அதை எழுதிக் கொடுத்து, சீனி, பிரஷர் முதலியவற்றைப் பரிசோதிக்கும் அரச ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்துக்கோ வெளிநோயாளர் பிரிவுக்கோ அனுப்புவதே நமது பங்கு. பிரஷர் 180க்கு 120 அளவில் அல்லது அதற்கு மேல் இருந்து, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, ஒருபக்கக் கை கால் தளர்ச்சியோ, நாக்குழறலோ இருந்தால் அது அவசரநிலை.

ஏற்கெனவே கிளினிக்கில் மருந்து எடுப்பவர்களிடம்தான் நுணுக்கமான வேலை இருக்கிறது. மருந்து எடுக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் ஏசாமல், எந்த மாத்திரையை ஏன் விட்டார் என்று கேளுங்கள். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காரணம், இரவில் போக மலசலகூடம் இல்லை, பகலில் பொது மலசலகூடத்துக்குக் காசு வேண்டும். இதை வைத்தியரிடம் எடுத்துச் சொன்னால் வேளையை மாற்றியோ வேறு மருந்து தந்தோ உதவக்கூடும். சொல்லாவிட்டால் ‘சொல்வழி கேளாத நோயாளி’ என்று எழுதப்பட்டுவிடுவார். கிளிக்லசைட் போன்ற சீனி மாத்திரையை வெறுவயிற்றில் எடுத்துவிட்டு அன்று உணவு கிடைக்காமல் போனால் சீனி ஆபத்தான அளவுக்குக் குறையும். வியர்த்து, நடுங்கி, தடுமாறிப் பேசுகிறவரைக் குடித்திருக்கிறார் என்று கடந்துபோகாதீர்கள். நினைவிருந்து விழுங்க முடியுமானால் சீனி கரைத்துக் கொடுங்கள், நினைவில்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990ஐ அழையுங்கள். இன்சுலின் போடுகிறவருக்குக் குளிர்சாதனப் பெட்டி இல்லை. தேநீர்க்கடையிலோ கோவில் மடப்பள்ளியிலோ ஒருவர் அதை வைத்துத்தர ஒப்புக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும், அதற்குத்தான் அந்த முதல் நான்கு வாரங்கள்.

இருமலும் சொறியும்

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருந்தால், அதிலும் மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை சேர்ந்திருந்தால், காசநோயைச் சந்தேகித்துச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். கொழும்பு 10, டீன்ஸ் வீதியில் தேசிய வைத்தியசாலைக்கு அண்மையிலேயே மத்திய மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் உள்ளது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள்: முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதங்கள் இரண்டு மருந்துகள். சிக்கல் எப்போதும் இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் வரும். இருமல் நின்று உடம்பு தேறியவுடன், வேலையை விட்டுவிட்டு மருந்துக்கு ஏன் போக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. நடுவில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பி வரலாம். மருந்தை இன்னொருவர் முன்னிலையில் விழுங்கச் செய்யும் ஏற்பாட்டில், நிலையத்து ஊழியர்களோடு பேசி, அவரது படுக்கைக்கு அருகிலுள்ள கடைக்காரர் ஒருவரையோ உங்கள் குழுவில் ஒருவரையோ சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இருமுகிறவரோடு திறந்த வெளியில், காற்றுவாக்கைப் பார்த்து அமருங்கள்; இருவரும் முகக்கவசம் அணியுங்கள்.

சொறி அவ்வளவு ஆபத்தானதல்ல, ஆனால் தூக்கத்தைக் கொன்றுவிடும். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுப்பதில் பயனில்லை; ஒரே தரப்பாளின் கீழ் படுக்கும் அனைவருக்கும் ஒரே இரவில் கழுத்திலிருந்து பாதம்வரை பூசி, வைத்தியர் சொல்லும் இடைவெளியில் மறுமுறையும் பூச வேண்டும். உடுப்பைச் சுடுநீரில் துவைக்க வழியில்லாதபோது, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவைத்தால் சொறியை உண்டாக்கும் அந்தச் சிற்றுண்ணி மடிந்துவிடும். அந்த வாரத்துக்கு மாற்றுடுப்பு கொடுக்க முடிந்தால்தான் இதைத் தொடங்குங்கள்.

காய்ச்சல் என்றால் கொழும்பில் டெங்குவை மறக்கக் கூடாது. பனடோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், டைக்குளோபெனாக், இபுபுரோபென் ஆகியவை வேண்டாம். வயிற்றுவலி, இரத்தக் கசிவு, தொடர் வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். நாய் கடித்திருந்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அது எவ்வளவு சிறிய கீறலாக இருந்தாலும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்கு அரச வைத்தியசாலைக்கு அழைத்துப் போங்கள்.

மனநோய், குடி, தூள்

தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பவரிடம் விவாதிக்கவும் வேண்டாம், அவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து, பசியா, குளிரா என்று உடம்பைப் பற்றிக் கேளுங்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்து எப்படி அணுகலாம் என்று ஆலோசனை கேட்கலாம். அங்கொடை என்ற பெயரையே பைத்தியம் என்பதற்கு மாற்றாகச் சொல்லிப் பழகிய ஊர் இது. அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரை மிரட்டவோ, ஆறுதல்படுத்தவோ முயலாதீர்கள்.

நாள்தோறும் கசிப்போ சாராயமோ குடித்துப் பழகியவரிடம், இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது நல்ல அறிவுரை போலத் தோன்றும், ஆனால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். திடீரென நிறுத்தினால் ஓரிரு நாட்களுக்குள் நடுக்கம், இல்லாதது தெரிதல், வலிப்பு ஆகியவை வரக்கூடும். நிறுத்த விரும்புகிறவரை வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். வலிப்பு வந்தவரின் கையில் இரும்பையோ சாவியையோ திணிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதைத் தடுத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1990. தூள் (ஹெரோயின்), ஐஸ் போன்ற போதைப்பொருள் பாவிப்பவர்களிடம் போதனை செய்யாமல் புண்ணையும் காய்ச்சலையும் பாருங்கள். பாலியல் தொற்றுகள், எச்.ஐ.வி. பற்றிய பயம் இருப்பவரைக் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள மத்திய பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். அங்கு இரகசியம் காக்கப்படும், கட்டணமும் இல்லை.

பெண்களும் பிள்ளைகளும்

பெண்களிடம் குழுவிலுள்ள பெண்ணே பேசட்டும், ஆண்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும். அணையாடையைப் பொட்டலமாகச் சுற்றி, எல்லோருக்கும் கொடுக்கும் சவர்க்காரத்தோடு சேர்த்தே கொடுங்கள். கர்ப்பிணி ஒருவரைக் கண்டால் அந்த வாரமே குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரிவித்துப் பதிவுசெய்யுங்கள். காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, டி சொய்சா வைத்தியசாலை ஆகியவற்றில் எங்கே பிரசவம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. பிள்ளையின் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தாலும் தடுப்பூசியை மறுபடியும் தொடர முடியும். பிள்ளை ஆபத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் 1929, பெண்ணுக்கு வன்முறை என்றால் 1938. ஆனால் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற அச்சம் இங்கே எல்லாவற்றையும்விடப் பெரிது. வெறும் வறுமையைக் கண்டு அந்த எண்ணை அழுத்தாதீர்கள்.

அந்த நடை

இதுவரை சொன்னவை அனைத்தும் இதற்கான ஆயத்தமே. வியாழன் இரவு “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க ஐயா” என்று சொல்லிவிட்டு வந்தால், பெரும்பாலும் அவர் போகமாட்டார். “நாளைக்குக் காலமை ஆறரைக்கு இங்கயே வாறேன், ரெண்டு பேரும் போவம்” என்று சொன்னால் போவார். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள்.

மூட்டையை எங்கே வைப்பது என்பதை முந்திய இரவே தீர்த்துக்கொள்ளுங்கள். முகம் கழுவ, முடிந்தால் குளிக்க, ஒரு இடத்தைப் பார்த்துவையுங்கள். தோய்த்த சட்டை ஒன்றைக் கொண்டுபோங்கள். நடக்க முடியாதவருக்கு முச்சக்கரவண்டி. வழியில் ஒரு பிளேன்டீயும் பணிஸும் வாங்கிக் கொடுங்கள், ஆனால் வெறுவயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமா என்பதை முதலில் கேட்டறியுங்கள். வரிசையில் அவருக்குப் பதிலாக நீங்கள் நிற்காதீர்கள், அவரோடு நில்லுங்கள். முகவரி கேட்கும்போது அவர் தலைகுனிவார். ‘இன்ன வீதி, இன்ன கோவிலுக்கு எதிரே’ என்று சொல்லலாம் என முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டை இல்லை என்பதற்காக அவசர சிகிச்சையை யாரும் மறுக்க முடியாது.

வைத்தியர் முன்னிலையில் அவரே பேச வேண்டும். நீங்கள் மொழிபெயர்க்க மட்டும் செய்யுங்கள். வைத்தியர் உங்களைப் பார்த்துக் கேட்டால், நோயாளியைப் பார்த்து அதே கேள்வியைத் தமிழில் கேளுங்கள். இரண்டு மூன்று கேள்விகளுக்குள் வைத்தியரின் பார்வையும் அவர் பக்கம் திரும்பும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழிதான் என்றாலும், நெரிசலான ஒரு காலையில் உரிமையைப் பற்றி வாதிடுவதைவிட அருகில் ஒரு மொழிபெயர்ப்பாளராக இருப்பதே அந்த நோயாளிக்கு உதவும். மொழி தெரியாத நோயாளிகள் நிறையப் பேர் வரும் கிளினிக்குகளின் நிலைமையை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதைப் பின்னர் தனியாகச் செய்யுங்கள், அதைச் செய்யாமலும் விடாதீர்கள்.

சில மருந்துகளை வெளியே வாங்கச் சொல்லி எழுதித் தருவார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியில் இது மிகவும் மோசமாக இருந்தது, இப்போதும் சில வேளைகளில் நடக்கிறது. அதற்கென்று ஒரு சிறு தொகையைக் குழு வைத்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் கிளினிக் புத்தகத்தையும் துண்டுகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, நூலால் கட்டி, கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிடக் கொடுங்கள். அடுத்த திகதியை உங்கள் புத்தகத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். மழைக்கும் ஓட்டத்துக்கும் தப்பிய அந்தக் காகிதம் இருந்தால் மறுமுறை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

வார்ட்டில் அனுமதித்தால் இரண்டொரு நாளைக்கு ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பார்க்க வருபவர் இல்லாத கட்டிலில் கிடப்பவர் இடையில் எழும்பிப் போய்விடுவதுண்டு. தாதியிடம் உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன் சொல்லும்படி கேளுங்கள். வீடு இல்லாதவரை ‘வீட்டுக்கு’ அனுப்பும்போது, கட்டு மாற்றுவது யார், மாத்திரையை எங்கே வைப்பது, முதல் மூன்று இரவுகள் எங்கே படுப்பது என்பவை முடிவாகியிருக்க வேண்டும்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பது சுகாதாரப் பணியா என்று சிலர் கேட்பார்கள். கொடுப்பனவுகளுக்கும் முதியோர் இல்லத்துக்கும் அவையே வாசற்கதவு என்பதால் நான் அதையும் நமது பணியாகவே கருதுகிறேன். தோட்டப் பகுதிகளில் பிறந்த முதியவர்களிடம் ஆவணம் ஒன்றுகூட இல்லாமல் போவதுண்டு. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இருப்பதை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். பிறப்பைப் பதிவுசெய்த பிரதேச செயலகத்திலிருந்து தொடங்குங்கள், பொறுமை தேவைப்படும்.

குறிப்புப் புத்தகம்

ஒருவருக்கு ஒரு பக்கம். அவர் விரும்பும் பெயர், படுக்கும் இடம், மழை இடம், அவரை அறிந்த கடைக்காரர், வருத்தம், மருந்து, அடுத்த கிளினிக் திகதி, கடைசியாகக் கண்ட நாள். இந்தப் புத்தகம் குழுவைத் தவிர வேறு எவர் கைக்கும் போகக் கூடாது; நன்கொடையாளருக்கோ, ஊடகத்துக்கோ, வழியில் மறித்துக் கேட்கும் எவருக்குமோ காட்டாதீர்கள். ஒரு வாரம் உங்களால் வர முடியாதென்றால் அதற்கு முந்திய வாரமே சொல்லிவிடுங்கள். அவர் உங்களுக்காக அன்றைய இடத்தை மாற்றாமல் காத்திருந்திருப்பார்.

இரண்டு வாரம் ஒருவரைக் காணாவிட்டால் தேடத் தொடங்குங்கள். முதலில் தேநீர்க்கடை, பிறகு பக்கத்தில் படுப்பவர்கள், பிறகு வார்ட்டுகள், பிறகு பொலிஸ் நிலையம். அதனால்தான், நன்றாகப் பழகியபின், ஏதாவது நடந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அவர் சம்மதத்தோடு எழுதிவையுங்கள். முன்பு சொன்ன அந்த முதியவர் இந்தக் கேள்விக்கு நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பின்னர், பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயரையும், லயத்தின் இலக்கத்தையும், தங்கையின் பெயரையும் சொன்னார். அவரது அடையாளத்துக்கு வேறு எந்தக் காகிதமும் இருக்கவில்லை. அந்த மூன்று சொற்களையும் நாங்கள் புத்தகத்தில் ஒருமுறையும், அவரது கழுத்திலிருந்த பிளாஸ்டிக் உறைக்குள் ஒருமுறையும் எழுதினோம்.